கணுக்காலின் நன்னடத்தை

என் அண்ணை தன் மனைவியின் வலது கையைப் பிடித்து முறுக்கினார். அந்தக் கையின் பெருவிரல் இன்றுவரை சரியாக மடிவதில்லை. அதற்கு நீதிமன்றம் எட்டு மாதம் கொடுத்தது. அந்த எட்டு மாதத்தையும் சிறைக்குப் போகாமல் பாரிசுக்குப் பக்கத்தில், பொண்டியில் என் வீட்டுச் சோபாவில் சாய்ந்திருந்தே கழிக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. காலில் ஒரு கறுப்புப் பட்டி, வரவேற்பறையில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். பட்டியை இங்கே எல்லாரும் பிரஸ்லே, அதாவது கைக்காப்பு, என்பார்கள். பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஏதோ நகைக்கடையில் வாங்கியது போல இருக்கும்.

இதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரி நான்தான். காப்புறுதி அலுவலகம் ஒன்றில் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற வேலை. கணவர் இறந்துவிட்டார், மகன் வேலைக்காக லியோனுக்குப் போய்விட்டான், ஓர் அறை காலியாகக் கிடந்தது. ஏன் கையெழுத்து வைத்தாய் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஊரில் இருந்தும் ஒரு கிழமையாகத் தொலைபேசி அடித்தது. "சொந்த அண்ணனை மறியலில கம்பி எண்ண விடப் போறியோ?" என்று எல்லாரும் கேட்டார்கள். அந்தப் பெருவிரலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

தீர்ப்பை அண்ணைக்குத் தமிழில் வாசித்துச் சொன்னது நான். அவருக்கு முப்பது வருடப் பிரெஞ்சு இருக்கிறது, ஆனால் அது சமையலறைக்கும் பாருக்கும் மட்டும் போதுமான பிரெஞ்சு. லா சப்பலில் ஃபொபூர் சேன்-தெனி தெருவில் மனைவி இருக்கும் வீட்டுக்குப் போகக்கூடாது. மனைவி வேலை செய்யும் தையற்கடைப் பக்கமும் போகக்கூடாது. பேசக்கூடாது, எழுதக்கூடாது, நேராகவோ வேறு ஆட்கள் மூலமாகவோ தொடர்பு கொள்ளக்கூடாது. இதைச் சொல்லி முடித்ததும் அண்ணை தலையாட்டினார். "ஓம், ஓம், விளங்குது" என்றார். வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கேட்பவரின் முகம்தான் அவருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் பெட்டியைக் கொண்டு வந்து பொருத்தினார்கள். அண்ணையின் காலில் பட்டியைக் கட்டி, வீடு முழுவதும் நடக்கச் சொன்னார்கள். குளியலறை, குசினி, மகனின் அறை, பல்கனியின் ஓரம் என்று ஐம்பத்தெட்டு வயது மனிதர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பொம்பிளை பார்க்க வந்த வீட்டில் நடப்பது போல அடக்கமாக நடந்தார். பெட்டி எல்லா மூலையிலும் அவரைக் கண்டுபிடித்தது. "சரி, இனி இந்தச் சுவர்களுக்குள் இவர் எங்கே நின்றாலும் எங்களுக்குத் தெரியும்" என்றார் வந்தவர். எனக்கு அது ஒரு புதினமாகவே படவில்லை. அண்ணை எங்கே நிற்கிறார் என்பது எங்கள் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் பிரச்சினையாக இருந்ததில்லை.

பிறகு தொடங்கியது அவருடைய ஒழுக்கம். காலை எட்டரைக்கு வெளியே போகலாம், பின்னேரம் ஏழு மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு தொடக்கம் ஆறு வரை வெளியே போகலாம். மனைவியோடு இருபத்தாறு வருடம் வாழ்ந்த காலத்தில் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வராத மனிதர், ஆறு இருபதுக்கே ரெயில் நிலையத்தில் இருந்து மூச்சு வாங்க ஓடி வந்தார். ஒரு நாள் ரெயில் நின்றுபோய் ஒன்பது நிமிடம் பிந்திவிட்டது. பெட்டியைப் பார்க்கும் இடத்தில் இருந்து தொலைபேசி வந்தது. அண்ணை எழுந்து நின்று பேசினார். "பர்தோன் மதாம், மெர்சி மதாம்" என்று அவர் குழைந்த குழைவை நான் குசினியில் நின்று கேட்டேன். மச்சாளோடு, அதுதான் தன் மனைவியோடு, ஒரே ஒரு நாள் இந்தக் குரலில் பேசியிருந்தால் பட்டியும் வந்திருக்காது பெட்டியும் வந்திருக்காது.

பட்டியை மறைக்க நீளமான காலுறை வாங்கினார். கேட்பவர்களுக்குக் காலில் இரத்த ஓட்டம் குறைவு, டொக்டர் ஒரு மெசின் கட்டி அளக்கிறார் என்று சொன்னார். எல்லாருக்கும் உண்மை தெரியும். தெரிந்துகொண்டே, "இரத்த ஓட்டம் இப்ப எப்பிடி?" என்று விசாரித்தார்கள். வருத்தக்காரரைப் பார்க்க வருவது போலத் தோடம்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் கொண்டு வந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். லா சப்பலில் ஒரு பெண் தன் வலது கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இடது கையால் படிக் கம்பியைப் பிடித்து நாலு மாடி ஏறுகிறாள். அங்கே ஒரு போத்தலும் போகவில்லை.

மாதம் ஒரு முறை அண்ணை நன்னடத்தை அதிகாரியிடம் போக வேண்டும். ஒரு பிரெஞ்சுப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். களைத்த முகம், மேசையில் கோப்புகள் மலைபோல. மூன்றாம் மாதத்தில் வீட்டுக்காரி என்று என்னையும் கூப்பிட்டார். அவருக்கு முன்னால் ஒரு தாள் இருந்தது. எத்தனை தடவை பிந்தினார், எத்தனை நிமிடம், காரணம் காட்டினாரா. பட்டியை வெட்டவோ கழற்றவோ பார்த்தாரா. சம்பளத் துண்டு கொண்டு வந்தாரா. கோபத்தை அடக்குவது பற்றிய வகுப்புக்குப் போனாரா. வகுப்பில் கையெழுத்து இருந்தது, சம்பளத் துண்டு இருந்தது, ஒன்பது நிமிடத்துக்கு ரெயில்காரரின் கடிதமும் இருந்தது. அண்ணை பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் எடுக்காத புள்ளியை அந்தத் தாளில் எடுத்திருந்தார்.

"மனைவியைப் பற்றி வீட்டில் பேசுகிறாரா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார்.

"அவ்வளவாக இல்லை, மதாம்" என்றேன்.

பச்சைப் பொய். சோற்றுக் கோப்பையை வைத்த நேரம் தொடக்கம் கழுவும் வரைக்கும் அவர் அவளைப் பற்றித்தான் பேசினார். நன்றி கெட்டவள், பொலிசுக்குப் போனவள், தையற்கடைப் பெண்டுகளின் கதையைக் கேட்டுக் கெட்டவள். அண்ணை என் பக்கத்தில் இருந்ததால் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். பிழையான ஆளிடம் கேட்டார். ஒருவன் ஒழுங்காக நடக்கிறானா என்று பார்க்க அவனுடைய காலையும் அவனுக்குச் சோறு போடுகிறவளையும் விசாரித்தால் என்ன தெரியும்? அடி வாங்கியவளிடம் போய், "இந்த மாதம் நிம்மதியாக நித்திரை கொண்டாயா?" என்று கேட்டிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அவளிடம்தான் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அண்ணையின் கால் பொண்டியில் இருந்த அதே நேரத்தில் அவருடைய ஆட்கள் லா சப்பலில் மாடி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு புருசனும் பெண்சாதியும் பிரிந்தால் எங்களில் நாலு பெரிய மனிதர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். தட்டில் பழம், வெற்றிலை, சில வேளை ஒரு சாறி. அவர்கள் போவது எப்போதும் பெண் இருக்கும் வீட்டுக்கு. ஆணிடம் போய், "ஏன் தம்பி அடிச்சனி?" என்று கேட்க ஒரு தட்டும் இதுவரை கிளம்பியதில்லை. இதற்குப் பெயர் சமாதானம் பேசுவது. ஊரில் செய்ததைப் பாரிசிலும் ஒரு குறையும் வைக்காமல் செய்கிறார்கள்.

முதலில் போனது நான்தான். இரண்டாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணை கேட்டார், நான் போனேன். பொம்பிளைக்குப் பொம்பிளை பேசினால் இளகுவாள் என்று அவர் கணக்குப் போட்டார். கதலிப்பழச் சீப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். மச்சாள் கதவைத் திறந்து, இருக்கச் சொல்லி, இடது கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் சாறிச் சட்டை வெட்டுவதில் லா சப்பலிலேயே பேர் போனவர். அளவு நாடா பிடிக்காமல் ஆளைப் பார்த்தே வெட்டக்கூடியவர். இப்போது கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை, வேறொரு பெண் வெட்டிக் கொடுக்க இவர் மெசினில் ஓட்டுகிறார் என்று அன்றுதான் தெரிந்தது.

"கோபத்தை விடுங்கோ மச்சாள். அண்ணை இப்ப மாறீட்டார்" என்றேன்.

மச்சாள் என்னைப் பார்த்தார். "அவர் அனுப்பினவரோ?" என்று கேட்டார்.

"இல்லை, நானாத்தான் வந்தனான்" என்றேன். கழுத்து வரை பொய் நிறைந்த ஆள் எத்தனை இலகுவாக இன்னொன்றையும் சொல்லுகிறாள் பாருங்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மற்றவர்கள் போனார்கள். தலைமை தாங்கியவர் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். எழுபது வயது. பொன்னாடை போர்த்தாத கூட்டத்துக்குப் போகமாட்டார். லிப்ட் இல்லாத நாலு மாடியை வாயால் மூச்சு விட்டுக்கொண்டு ஏறுவார்கள், தட்டுவார்கள், நிற்பார்கள். "பிள்ளையும் இல்லை, வயசு போன காலத்தில உமக்கு ஆர் இருக்கினம்?" என்பார்கள். திறக்காவிட்டால் கதவோடு பேசுவார்கள். பிறகு கீழே இறங்கி, கடையில் வடை சாப்பிட்டுவிட்டு, அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்வார்கள். அண்ணை என் சோபாவில் பட்டி கட்டிய காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு யார் போவது, என்ன சொல்வது என்று உத்தரவு போடுவார். இத்தனைக்கும் அவர் ஃபொபூர் சேன்-தெனிப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. பெட்டி மிகுந்த திருப்தியோடு பச்சை விளக்கு எரித்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் நான் கேட்டேன். "அண்ணை, ஆக்களை அனுப்பக்கூடாதெண்டு தீர்ப்பில இருக்கு. நான் வாசிச்சுச் சொன்னனான் தானே?"

"அது காவாலியளை அனுப்பிறதைச் சொல்லியிருக்கிறாங்கள்" என்றார் அண்ணை. "பெரிய மனுசர் சமாதானத்துக்குப் போறது வேற. வெள்ளைக்காரனுக்கும் அது விளங்கும்."

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார், அவர்கள் எல்லாரும் நம்பினார்கள். சந்தனப்பொட்டு வைத்து, சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டு ஒரு பெண்ணை மிரட்டினால் அது மிரட்டல் ஆகாது என்பது எங்கள் ஆட்களின் அசைக்க முடியாத சட்டம்.

ஐந்தாம் மாதம் அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். இவ்வளவு ஒழுங்காக நடப்பவருக்குத் தண்டனையை முன்கூட்டியே முடிக்கவும், மனைவியைப் பார்க்கக்கூடாது என்ற தடையை எடுக்கவும் நீதிபதியிடம் கேட்கலாம். நடத்தையைப் பற்றி வேறு யாரும் எழுதிக் கொடுத்தால் அதையும் சேர்க்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணை ரெயிலிலேயே சிரித்தார். "வாற மாசம் நான் என்ரை வீட்டில நிப்பன்" என்றார். அவர் சொன்ன வீட்டில் மச்சாள் தனியே இருந்தார். இந்த முறை அந்த மற்றக் கையும் போகும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் செயலாளர் ஒரு கோப்போடு வந்தார். தன் கைப்பட மூன்று பக்கம் தமிழில் எழுதியிருந்தார். நான் அதைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும், பதினொரு பேர் கையெழுத்து வைப்பார்கள். அண்ணை சோபாவில் நிமிர்ந்து இருந்தார். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

கனம் நீதிபதி அவர்களுக்கு என்று தொடங்கியது. அண்ணை எவ்வளவு பொறுமைசாலி என்பதற்கு ஆதாரம் காட்டியிருந்தார்கள். தன் குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு அவர் எங்களைப் பதினொரு தடவை மனைவியிடம் அனுப்பினார். எந்தத் திகதியில், யார் யார் போனார்கள், என்ன கொண்டு போனார்கள் எல்லாம் வரிசையாக இருந்தது. ஐந்து தடவை கதவு திறந்தது, ஆறு தடவை திறக்கவில்லை. ஒரு நாள் வாசலிலேயே அண்ணைக்கு அழைப்பு எடுத்து, தொலைபேசியை அந்தப் பெண்ணின் காதில் பிடித்தோம். அவர் எவ்வளவோ அன்பாகப் பேசியும் அந்தப் பெண் கேட்கவில்லை. இவ்வளவு அவமானப்பட்டும் அவர் கோபப்படாமல் அடுத்த ஞாயிறும் எங்களை அனுப்பினார். இப்படிப்பட்டவருக்குத் தடை எதற்கு?

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஐந்து மாதமாக ஒரு பெட்டியும் ஒரு அதிகாரியும் ஒரு தாளும் கண்டுபிடிக்காததை இந்த மனிதர்கள் திகதியோடு எழுதி, கையெழுத்து வைத்து, ஆளுக்கொரு அடையாள அட்டைப் பிரதியையும் இணைத்து நீதிபதிக்கே அனுப்பப் போகிறார்கள். ஊரில் பெரிய மனிதர்களின் கையெழுத்தைக் கண்டால் பொலிஸ் பெரியவர் கதிரை தூக்கிப் போடுவார். அந்தக் காலத்தை அவர்கள் பயணப் பையில் மடித்து வைத்து இங்கே கொண்டு வந்திருந்தார்கள்.

நான் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். "ஐயா, போன திகதியள், ரெலிபோன் கதை, உதெல்லாம் எழுதவேணுமோ?" என்று கேட்டேன்.

செயலாளர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஒண்டும் விடக்கூடாது, தங்கச்சி. யோசிக்கிறது எங்கடை வேலை. நீங்கள் மொழிபெயர்த்தாக் காணும்."

"நீ சொன்னதைச் செய்" என்றார் அண்ணை.

இருபது வருடமாக லா சப்பல் ஆட்களின் கடிதங்களை நான் எழுதியிருக்கிறேன். பொய்யைக் குறைத்து, கோபத்தை எடுத்து, முட்டாள்தனத்தைப் பூசி மெழுகி, படிக்கிறவர் முகம் சுளிக்காதபடி செய்து கொடுப்பேன். அதற்குத்தான் என்னிடம் வருவார்கள். அடுத்த திங்கள் எனக்கு லீவு. காலையில் மேசையில் இருந்து, முதல் தடவையாக ஒரு கடிதத்தை உள்ளபடியே மொழிபெயர்த்தேன். ஒரு திகதியும் விடவில்லை. "எங்களை அனுப்பினார்" என்பதை ஒவ்வொரு இடத்திலும் "எங்களை அனுப்பினார்" என்றே எழுதினேன். தொலைபேசியைக் காதில் பிடித்த வரியை இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பட்டியலில் முதலாவதாக நான் இருந்தேன். அவருடைய சொந்தத் தங்கை, கதலிப்பழத்துடன். அந்த வரிக்கு வந்ததும் பேனை நின்றது. விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது, அவர்கள் பிரெஞ்சை வாசிக்கப் போவதில்லை. பிறகு, என்னையும் எழுதினேன். என் அடையாள அட்டையையும் பிரதி எடுத்து வைத்தேன். எழுதி முடித்தபோது எனக்கு என்னில் ஒரு மதிப்பு வந்தது. நான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவள் இல்லை என்று நினைத்தேன்.

பதினொரு பேரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்கள். செயலாளர் என் பிரெஞ்சைப் பாராட்டினார்.

அதிகாரி கடிதத்தை வாசித்த அன்றே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். பத்து நாளில் நீதிபதி கூப்பிட்டார். பட்டியைக் கழற்றினார்கள், மிச்ச மூன்று மாதத்துக்கும் அண்ணையைச் சிறைக்கு அனுப்பினார்கள், தடை அப்படியே நின்றது. நீதிபதிக்கு முன்னால் அண்ணை சொன்னாராம், "அந்த ஒன்பது நிமிசத்தை விட்டா நான் ஒரு நாளும் பிந்தேல்லை, பெட்டியைக் கேட்டுப் பாருங்கோ" என்று. அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. பெரிய மனிதர்களைப் பொலிசார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். செயலாளர் தான் படி ஏறவேயில்லை, கீழே வடைக் கடையில் நின்றதாகச் சொன்னாராம். மற்றவர்கள் தாங்கள் போனது செயலாளருக்குத் துணையாகத்தான் என்றார்களாம். வெள்ளைச் சட்டையை இவ்வளவு கெதியாகக் கழற்றுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. என்னையும் கூப்பிட்டு எச்சரித்தார்கள். நான் உண்மையைச் சொன்னேன், பெருமையாகவே சொன்னேன்.

அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்று எனக்குப் பெயர் வந்தது. லா சப்பலில் மரக்கறிக் கடைக்காரர் மீதிக் காசை என் கையில் தராமல் மேசையில் வைத்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் நிமிர்ந்து நடந்தேன். அந்த நிமிர்வோடுதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மச்சாளின் தையற்கடைக்குப் போனேன். ஏன் மறைக்க வேண்டும், நன்றியை எதிர்பார்த்துத்தான் போனேன்.

மச்சாள் மெசினில் இருந்தார். பக்கத்தில் மற்றப் பெண் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மச்சாள் என்னைக் கண்டதும் மெசினை நிற்பாட்டினார், ஆனால் எழும்பவில்லை.

"அந்தக் கடிதத்தை லோயர் எனக்கு வாசிச்சுக் காட்டினவ" என்றார். "நீங்கள் வந்ததையும் எழுதியிருந்தீங்கள்."

"ஓம் மச்சாள். ஒண்டையும் விடேல்லை."

"ஒண்டை விட்டிட்டீங்கள்."

நான் விழித்தேன். திகதிகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தது" என்றார் மச்சாள். "முதல் தரம் மணிக்கட்டில எலும்பு வெடிச்சபோது. இந்த விரல் போறதுக்கு ஏழு மாசத்துக்கு முன்னம். டொக்டர் என்ன நடந்ததெண்டு கேட்டவர். உங்கடை அண்ணை பிடிச்சுத் தள்ளினவர் எண்டு நான் தமிழில சொன்னனான். நீங்கள் பக்கத்தில நிண்டு டொக்டருக்குப் பிரெஞ்சில சொன்னீங்கள், படியில விழுந்ததெண்டு."

வெட்டிக்கொண்டிருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குப் பிரெஞ்சு குறைவுதான் மச்சாள். ஆனா எஸ்காலியே எண்டா படி எண்டு தெரியும். ஒவ்வொரு நாளும் நாலு மாடி ஏறுறனான்."

"ஏன் அப்ப ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். வெட்கமில்லாத கேள்வி, ஆனால் அதுதான் வாயில் வந்தது.

"ஆரிட்டைச் சொல்லுறது? நீங்கள்தானே எனக்காகக் கதைக்க வந்தனீங்கள்."

அவர் கத்தவில்லை. நூல் அறுந்ததைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு மெசின் மேசை லாச்சியை இழுத்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். அண்ணை மறியலால் வந்த பிறகும் தடை நீடிக்க வேண்டும் என்று லோயர் கேட்கப் போகிறார், முதல் தடவையும் அடித்தார் என்பதற்கு ஒரு சாட்சி இருந்தால் நல்லது. அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, பெயர் போட்டு, கையெழுத்து வைத்து, அடையாள அட்டைப் பிரதியோடு கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

"வாற கிழமை எழுதித் தாறன்" என்றேன். மச்சாள் மறுபடி மெசினை ஓட்டத் தொடங்கினார்.

இந்தக் கதையில் அண்ணையைப் பார்த்துச் சிரித்தேன், செயலாளரைப் பார்த்துச் சிரித்தேன், பச்சை விளக்கு எரிந்த பெட்டியைக்கூட விடவில்லை. ஆஸ்பத்திரியை மட்டும் கடைசி வரைக்கும் எழுதவில்லை. மறந்துபோய் விட்டது அல்ல. அந்த டொக்டரின் முகம் எனக்கு நல்ல ஞாபகம். நான் சொன்னதை அவர் நம்பி எழுதினதும் ஞாபகம், எழுதும்போது மச்சாள் என்னைப் பார்த்ததும் ஞாபகம். அப்போது நான் மச்சாள் சொன்னதைச் சொன்னபடி சொல்லியிருந்தால் அந்தப் பெருவிரல் இன்று கத்தரிக்கோலுக்குள் இருந்திருக்கும்.

அண்ணை மறியலால் வந்துவிட்டார். தடை இன்னும் கொஞ்ச நாளில் முடிகிறது. நான் வாற கிழமை என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. மச்சாள் தந்த தாள் என் மேசையில் வெறுமையாக இருக்கிறது. அதற்குப் பதிலாக இவ்வளவு பக்கம் இதை எழுதியிருக்கிறேன். இதில் ஒருவருடைய பெயரும் இல்லை, என்னுடையதும் இல்லை.